துப்பாக்கிக்கு வைத்த சந்தனம்

என் பத்மாவுக்கு,

சாமியே இல்லை என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒருத்தி, யாரும் கேட்காமல், யாரும் பார்க்காமல், ஒரு துப்பாக்கிக்கு ஏன் சந்தனம் வைத்தாள்? கேள்வி என்னைப் பற்றியதுதான். ஆனாலும் என்னிடம் பதில் இல்லை. நேற்றிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "யக்கா, நீயா? சத்தியமா நீயா?" என்று கேட்டு, கேட்டதையே நாலு தடவை திருப்பிக் கேட்டிருப்பாய். சிரித்து முடித்த பிறகு நான் சொல்லப்போகும் மிச்சத்தைக் கேட்டால் உன் முகம் மாறியிருக்கும்.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று மனதுக்குள் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் செய்த காரியம் நாலு பேர் முன்னால் நடந்தது. அதனால் இந்தக் கடிதத்தையும் நாலு பேர் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் வீட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ரசம் நன்றாக வைக்கிறார், மற்றதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. செல்லூரில் உங்கள் தெருவைச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டு மூடாமல் விட்டிருக்கிறார்கள். விசைத்தறிச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீ ஆனியில் போனாய். துக்க வருடம் என்பதால் உன் வீட்டில் ஆயுதபூஜை இல்லை, தீபாவளி இல்லை, பொங்கலும் இல்லை. உங்கள் வீட்டுத் தறிகளுக்கு இந்த வருடம் பொட்டுகூட வைக்கவில்லை.

உன் மகள் நித்யாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் நீ ஒரு ஸ்கோப் வாங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? துப்பாக்கியின் மேல் மாட்டும் சின்னத் தொலைநோக்கி. நீ அதுவரை ஸ்கோப் இல்லாமல், குறி பார்க்கும் ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் சுட்டாய். மகள் ஸ்கோப் பிரிவில் சுடவேண்டும் என்று ஆசைப்படுகிறாள் என்று வாங்கினாய். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே என்னிடம் காட்டி, "நீதானக்கா பிசிக்ஸ். நீயே மாட்டிக் குடு. நான் மாட்டுனா வானத்தைத்தான் பாக்கும்" என்றாய். சரி, மாட்டுகிறேன் என்றேன். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது உனக்கு.

நீ போன பிறகு அந்தப் பெட்டியும் உன் காற்றுத் துப்பாக்கியும் கே.கே. நகருக்கு, என் வீட்டுக்கு வந்தன. நித்யாதான் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா உங்களைத்தான மாட்டச் சொன்னாங்க பெரியம்மா" என்றாள். மேசை மேல் பழைய போர்வையை விரித்து, துப்பாக்கியை அதன் மேல் கிடத்தினேன். மறுநாள் மாட்டலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஆயுதபூஜை.

தெருவில் எல்லா வண்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் காருக்குப் பூசணிக்காய் உடைத்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டுத் திரும்பினால் உன் துப்பாக்கி மேசை மேல் கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் செல்லூரில் அதற்குப் பூஜை நடந்திருக்கிறது. இந்த வருடம் இல்லை. எனக்கு என்ன வந்ததோ. கடைக்குப் போய் ஒரு சந்தன வில்லை வாங்கி வந்தேன். கிண்ணத்தில் குழைத்தேன். துப்பாக்கியின் மரக்கட்டையில் மூன்று பொட்டு, பிறகு இரும்பின் மேல் நீள வாக்கில் வரிசையாகப் பொட்டுகள். கொஞ்சம் தண்ணியாகக் குழைத்துவிட்டேன் போலிருக்கிறது, வழிந்தது. குங்குமமும் வைத்தேன். வைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பூட்டிய வீட்டில், நான் மட்டும் இருக்கும் வீட்டில், திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் துணியால் துடைத்துவிட்டு மாட்ட உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரியாத வேலை என்பதால் நிறையப் படித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். துப்பாக்கியின் மேல்பக்கத்தில், இரண்டு விளிம்பிலும் ஒடுக்கமான இரண்டு பள்ளம் ஓடுகிறது இல்லையா, ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் அடிப்பாகம் அந்தப் பள்ளத்தைக் கவ்வவேண்டும். கவ்விய பிறகு அசையக்கூடாது. ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணைத் திறந்தால் வட்டம் முழுதாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தவேண்டும். கண்ணுக்கு மிக அருகே இருந்தால் உதைக்கும்போது புருவத்தைக் கிழித்துவிடும். பிறகு உள்ளே தெரிகிற சிலுவைக் கோடு செங்குத்தாக நிற்கவேண்டும். அதற்காக வாசல் நிலையிலிருந்து ஒரு நூலில் பூட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். பூட்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்து, கோட்டை நூலோடு பொருத்தினேன். திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, ஆலன் கீ என்கிற வளைந்த முறுக்குக் கம்பியின் குட்டைப் பக்கத்தைப் பிடித்துச் செய்தேன். வளையத்தின் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று தாளைச் செருகிப் பார்த்தேன்.

எல்லாம் சரியாகச் செய்தேன் பத்மா. அதைச் சொல்லும்போதுதான் அதிகமாகக் கூசுகிறது. முதல் வேலையைத் தவிர எல்லாம் சரியாகச் செய்தேன். பள்ளத்துக்குள் பார்க்கவில்லை.

கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நம் துப்பாக்கி கிளப் இருக்கும் பழைய கிடங்கு உனக்குத் தெரியாததா. தகரக் கூரை, அதே வெக்கை, அதே ஓட்டை மின்விசிறி. நித்யா அங்கே ஞாயிறுதோறும் போய்ப் பழகினாள். முதல் வாரம் காலையில் குறி நன்றாக இருந்தது. பத்து மணிக்குமேல் வலப்பக்கம் போயிற்று. திருத்தினோம். அடுத்த வாரம் மேலே போயிற்று. அதற்கடுத்து இடப்பக்கம். ஒரு நாள் ஒன்றாகக் குவியும், ஒரு நாள் அரிசி இறைத்த மாதிரி சிதறும்.

"பெரியம்மா, ஸ்கோப் ஆடுற மாதிரி இருக்கு" என்றாள் ஒரு நாள்.

நான் ஸ்கோப்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. "ஆடலையே" என்றேன்.

"கையில பிடிச்சா ஆடலை பெரியம்மா. சுடும்போது ஏதோ நகருது. எனக்குத் தெரியுது."

"தெரியுதுன்னா எப்படித் தெரியுது? அளந்தியா?"

அவள் அளக்கவில்லை. நான் அளந்தேன். அவள் சுட்ட குறி அட்டைகளையெல்லாம் வீட்டுக்கு எடுத்துவந்து, ஓட்டைகளைக் கட்டத்தாளில் குறித்து, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சிதறுகிறது என்று பார்த்தேன். நேரம் ஆக ஆகச் சிதறல் கூடியது. களைப்பு, கவனக்குறைவு, விசையை வெடுக்கென்று இழுக்கிறாள் என்று முடிவு கட்டினேன். சுடச்சுட, துப்பாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் உதையில் மாட்டிய ஸ்கோப் நகர்ந்தாலும் அதே படம்தான் வரும். அது எனக்குத் தோன்றவே இல்லை. என் மாணவர்கள் யாராவது இப்படி ஒரே காரணத்தை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் நான் மார்க் போட்டிருப்பேனா?

கார்த்திகையில் கிளப் அணிக்கு ஆள் எடுத்தார்கள். வெளியூர்ப் போட்டிக்கு ஸ்கோப் பிரிவில் ஒரே இடம். நித்யா அதற்காக ஆபீசில் லீவு போட்டுப் பழகியிருந்தாள். அன்றைக்கு அவள் சுட்ட அட்டையைக் கிளப் செகரட்டரி கொண்டுவந்து பலகையில் குத்தினார். உனக்குத் தெரியும் அவர் பேச்சு. "என்னத்தா இது, அம்புட்டும் செதறிப்போச்சு. உங்கம்மா சுட்ட அட்டையில ஒத்தக் காசு வச்சு அம்புட்டு ஓட்டையையும் மூடலாமே" என்றார். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். பத்து இருபது பேர் நின்றார்கள்.

நித்யா என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, நான் சொன்னேன்ல, ஸ்கோப்பு..." என்று ஆரம்பித்தாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கருவி பொய் சொல்லாது நித்யா. கைதான் பொய் சொல்லும்" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் பேசுகிற குரலில். அதோடு நிறுத்தியிருக்கலாம். "செல்போன்ல பாதிக் கண்ணு, விசையில பாதிக் கண்ணு. உங்கம்மா ஒருநாளும் துப்பாக்கி மேல பழி போட்டதில்லை" என்றும் சொன்னேன்.

உன் பெயரை எடுத்து அவளை அடித்தேன் பத்மா. நீ போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அவள் அழவில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டி, என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "நீங்களே வச்சுக்கங்க மேடம்" என்றாள். பேருந்தில் போய்விட்டாள்.

மேடம். பிறந்ததிலிருந்து பெரியம்மா என்று கூப்பிட்ட பெண். என்.சி.சி.யில் நான் உனக்கு ஒரு வருடம் மூத்தவள் என்பதற்காக நீ என்னை அக்கா என்றாய். அந்த ஒரு வார்த்தையில் வந்த உறவுதானே இது? எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம், உங்கள் வீட்டில் பேசுவது வேறு மொழி. அந்தக் கூப்பிடுதலைத் தவிர வேறு எந்தக் கயிறும் இல்லை. அவள் அதை அறுத்துவிட்டுப் போனாள். தப்பு அவள் மேல்தான் என்று அப்போதும் நினைத்தேன். வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று இருந்தேன். பொங்கலும் போயிற்று.

நேற்று மத்தியானம் அந்தப் பெட்டியைத் திறந்தேன். அவள் இனிமேல் சுடமாட்டாள் போலிருக்கிறது, ஸ்கோப்பைக் கழற்றித் தனியாகவாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். திருகுகளைத் தளர்த்தி வளையத்தின் அடிப்பாகத்தை எடுத்தால், பள்ளத்துக்குள் மஞ்சளாக ஒரு கோடு. இடப்பக்கம் தடியாக, வலப்பக்கம் பட்டும் படாமலும். நகத்தால் கீறினேன், பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தேன்.

அப்புறம் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? வளையம் இரும்பைக் கவ்வவில்லை. என் காய்ந்த சந்தனத்தைக் கவ்வியிருக்கிறது. கையால் அசைத்தால் அசையாது. ஒவ்வொரு தடவை ஸ்பிரிங் உதைக்கும்போதும் சந்தனம் கொஞ்சம் பொடிய, வளையம் கொஞ்சம் சரிய, குறி ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளை தோளில் உணர்ந்து சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னது கருவிதான். அந்தப் பொய்யை அதற்குள் வைத்தது நான்.

நித்யாவுக்கு உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிளப்புக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"நான் சொன்னா கேக்குற பிள்ளையாம்மா அது? அவங்கம்மா மாதிரி. நீங்களே வந்து கூப்பிடுங்க."

"எம்மேல கோவமா இருக்காளா?"

"கோவமா இருந்தாப் பரவாயில்லையே. பேச்சையே காணோம். நான் வைக்கிற கொழம்பைக்கூடத் திட்டாமச் சாப்பிடுது."

நாளைக்குக் காலையில் செல்லூர் போகிறேன் பத்மா. அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலூர் போய், எங்கே நின்று அவளைப் பேசினேனோ அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால், தப்பு என்னுடையது என்று சொல்வேன். ஸ்கோப்பைத் தப்பாக மாட்டிவிட்டேன் என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கமாட்டேன். சந்தனத்தையும் சேர்த்துச் சொல்வேன். அதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. ஏன் வைத்தீர்கள் என்று யாராவது கேட்டால்?

இதுவரைக்கும் சனிக்கிழமை எழுதினேன். மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் தோண்டிப் போட்ட தெருவில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நித்யா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு மணி நேரம் எங்கூட கிளப்புக்கு வா. அதுக்கப்புறம் என் மூஞ்சியில முழிக்க வேணாம்" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வெங்காயம் நறுக்குவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பின் இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் துப்பாக்கிப் பெட்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு கப்பலூர் வரை வந்தாள்.

கிளப்பில் சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரல் வரவில்லை. "சத்தமாச் சொல்லுங்க மேடம், பின்னாடி கேக்கலை" என்றார் ஒருவர். மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. பெட்டியைத் திறந்து, பள்ளத்தில் இன்னும் ஒட்டியிருந்த மஞ்சளைக் காட்டினேன். அங்கே சுட வரும் பெயின்ட் கடைக்காரர்தான் முதலில் ஆரம்பித்தார். "சந்தனத்தோட நிறுத்திட்டீங்களே மேடம். குழாய் நுனியில ஒரு எலுமிச்சம்பழத்தையும் குத்தியிருந்தா அம்சமா இருந்திருக்கும்ல?" சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"வேற ஆள் பேரு அனுப்பியாச்சே" என்றார் செகரட்டரி. "இனி மாத்த முடியாது. பாவம்த்தா, நீ சொன்னப்பவே நானும் கழட்டிப் பாத்திருக்கணும்." அவர் தன் பங்குக்கு ஒரு பழியை எடுத்துக்கொண்டார். எனக்கு அது சுமையைக் குறைக்கவில்லை.

நித்யா என் கையிலிருந்து ஆலன் கீயை வாங்கினாள். "நீங்க தொடாதீங்க" என்றாள். ஒரு ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பள்ளத்தை நீளமாகத் துடைத்தாள். மஞ்சள் வராத வரைக்கும் துடைத்தாள். பிறகு காய்ந்த துணி. வளையங்களைப் பொருத்தி, திருகுகளை எதிரெதிராக முறுக்கினாள். கோட்டை நேராக்க நூல் வேண்டியிருந்தது. பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வேலைக்கு மட்டும் என்னை விட்டாள். "ஆட்டாதீங்க" என்று ஒருமுறை சொன்னாள்.

சுட்டாள். வழக்கமாகச் சிதற ஆரம்பிக்கும் நேரம் தாண்டியும் விடாமல் சுட்டாள். செகரட்டரி அட்டையை எடுத்துவந்து, சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய்க் காசை எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தார். எல்லாம் மூடியது. அவர் காசை எடுக்காமல் அட்டையோடு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்போதுதான் அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா துப்பாக்கிக்குச் சந்தனம் வைப்பாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. ஆயுதபூஜை முடிந்து நீ கிளப்புக்கு வரும்போதெல்லாம், பெட்டியைத் திறந்தால் சந்தன வாசம் வரும். அதை வைத்து நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். அதையே சொன்னேன்.

"பெட்டிக்குத்தான் வைப்பாங்க" என்றாள். மூடியின் வெளிப்பக்கம், கைப்பிடிக்குக் கீழே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பெயின்ட் அங்கே வட்டமாக மங்கியிருந்தது. இத்தனை வருடம் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்ததில்லை. "துப்பாக்கியில ஒரு சொட்டு ஈரம் பட விடமாட்டாங்க அம்மா. பூஜை அன்னிக்குப் பெட்டியைத் திறக்கவே மாட்டாங்க. இம்புட்டு வருசப் பழக்கத்துல உங்களுக்கு இதுகூடத் தெரியாதா?"

எப்படித் தெரியும் பத்மா? வருடா வருடம் நீ கூப்பிட்டாய். வருடா வருடம் எனக்கு ஒரு வேலை இருந்தது. கடைசியில் நீயே, "சரி, சாமி கெளம்புனதுக்கப்புறம் வாக்கா. சுண்டல் எடுத்து வைக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தாய். அதை வேடிக்கை என்று நினைத்து நானும் சிரித்தேன். சுண்டலுக்கு மட்டும் வந்தேன். நீ கும்பிடுவதை ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை உனக்காகச் செய்யப் போய், உன் பிள்ளையின் இடத்தைப் பறித்தேன்.

நித்யா கொக்கிகளை மாட்டினாள். வாயோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு, உன்னுடையது மாதிரி, முழுசாக வராத சிரிப்பு.

"அடுத்த வருசம் வந்து பாருங்க மேடம்" என்றாள்.

மேடம் என்றுதான் சொன்னாள். பெட்டியை இந்தமுறை செல்லூருக்கு, உன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

வருகிற புரட்டாசியில் போவேன் பத்மா. சுண்டலுக்கு முன்னால் போவேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, அது வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து, சந்தனத்தை எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

உன் அக்கா,
செல்வி